பக்கத்துக் கூண்டில் இறங்கிய ரோலர் புறா (பறக்கும்போது குட்டிக்கரணம் போடும் வகை) என்னுடையதுதான் என்று எப்படி நிரூபிப்பது?

காலில் மூடிய ரிங் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இணைப்பே இல்லாத அந்த அலுமினிய வளையத்தைக் குஞ்சுப் பருவத்தில் மட்டுமே போட முடியும். வளர்ந்த புறாவின் பாதத்தில் நுழையாது. ஆண்டு, புறா வளர்ப்போர் சங்கத்தின் எழுத்து, வரிசை எண் மூன்றும் அதில் பொறித்திருக்கும். பிளாஸ்டிக் கிளிப் ரிங்கை யாரும் கழற்றி மாற்றலாம், அதைச் சான்றாக நம்பாதீர்கள்.

குஞ்சு பொரித்த 6 முதல் 8 நாளுக்குள் போட்டுவிடுங்கள். முன்விரல் மூன்றையும் சேர்த்துப் பிடித்து ரிங்கை நுழைத்து, பின்விரலைக் காலோடு மடக்கி, அதற்கு மேலே ஏற்றுங்கள். பிறகு பல்குத்தும் குச்சியால் பின்விரலை மெதுவாக வெளியே எடுத்துவிட வேண்டும். சீக்கிரம் போட்டால் கழன்று விழும். மறுநாளே பாருங்கள், கூட்டுக் குப்பையில் கிடக்கும். தாமதித்துவிட்டு வலிந்து திணித்தால் விரல் புண்ணாகும். ரிங்கின் பளபளப்பைக் குப்பை என்று நினைத்துத் தாய் தகப்பன் குஞ்சோடு வெளியே இழுத்துப் போடுவதும் உண்டு. மாலையில் போட்டால் அந்தத் தொல்லை குறையும்.

ஆனால் ரிங் எண் உங்கள் நோட்டில் இல்லையென்றால் வாதம் நிற்காது. எண், பொரித்த தேதி, தாய் தகப்பன் ரிங் எண், நிறம், விரித்த இறக்கையின் படம் எல்லாம் இருக்கட்டும். விலைக்கு வாங்கிய புறாவுக்கு, ரிங் எண் குறித்து விற்றவர் கையெழுத்திட்ட சீட்டு அவசியம். சிங்கப்பூரில் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே காட்டுப் புறாக்கள் ஏராளம். ரிங் இல்லாத பறவை அந்தக் கூட்டத்தில் கலந்தால் உங்களுடையது என்று சொல்ல ஒன்றுமே இருக்காது.