சனிக்கிழமை வயலின் வகுப்பு: ஒரு கடிதமும் பதிலும்

மதிப்புக்குரிய ஐயா,

ஒன்பது வயதான என் மகள் இரண்டு ஆண்டுகளாக வயலின் பயில்கிறாள். இதுவரை கிழமைக்கு இரண்டு தனி வகுப்புகள் நடந்தன. இனி ஒன்று மட்டுமே தனி வகுப்பு என்றும், சனிக்கிழமைகளில் பன்னிரண்டு பிள்ளைகள் சேர்ந்து வாசிக்கும் வகுப்புக்கு வர வேண்டும் என்றும் ஆசிரியை சொல்லிவிட்டார். அங்கே ஆரம்பப் பாடமான சரளி வரிசையே முடிக்காத பிள்ளைகளும் இருக்கிறார்கள். வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சை நெருங்கும் நேரத்தில் இது பின்னடைவாகாதா? சென்னையிலுள்ள ஒருவரிடம் இணையவழியில் தனியாகப் படிப்பிக்கலாமா? சனிக்கிழமை வகுப்பில் நானும் உட்காரலாமா?

ஒரு வாசகி, கொழும்பு 6

அன்புள்ள சகோதரிக்கு,

வில்லைப் பிடிக்கும் பெருவிரல் எப்படி மடிய வேண்டும், சுத்த ரிஷபம் என்னும் ஸ்வரத்துக்குச் சுட்டுவிரல் எங்கே விழ வேண்டும் என்பதையெல்லாம் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் யாராலும் திருத்திவிட முடியாது. அதற்குத் தனி வகுப்பு வேண்டும். உங்கள் ஆசிரியையும் அதை நிறுத்தவில்லை.

தனியே வாசிக்கும் பிள்ளை ஒரு ஸ்வரம் பிசகினால் என்ன செய்கிறாள் என்பதை வீட்டில் பார்த்திருப்பீர்கள். வில்லை நிறுத்தி, வரிசையின் தொடக்கத்துக்கே திரும்பிப் போவாள். தாளமும் அவளோடு நின்றுவிடும். பதினொரு பேர் பக்கத்தில் வாசித்துக்கொண்டிருக்கும்போது ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களும் அவளுக்காகக் காத்திருப்பதில்லை. விட்டதை விட்டுவிட்டு, தாளம் போடுபவரின் கை வீச்சையோ பக்கத்துப் பிள்ளையின் வில்லையோ பார்த்து, தாளம் மறுபடி தொடங்கும் இடமான அடுத்த சமத்தில் அவள் சேர்ந்துகொள்ள வேண்டும். இதை வாயால் சொல்லிக்கொடுக்க வழியில்லை. பிற்காலத்தில் வாய்ப்பாட்டுக்குப் பக்கவாத்தியமாக உட்காரும்போது அவளுக்கு முதலில் தேவைப்படுவதும் இதுதான்.

மற்றப் பிள்ளைகள் பின்தங்கியிருப்பதைப் பற்றி நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. நம்முடைய பாடமுறையே அதற்கு இடம் வைத்திருக்கிறது. சிறியவர்கள் மாயாமாளவகௌளை ராகத்தில் ஒரு வரிசையை முதற்காலம் என்னும் மெதுவான வேகத்தில் ஒரு முறை வாசிக்கும் நேரத்தில், உங்கள் மகள் அதையே இரு மடங்கு வேகமான இரண்டாம் காலத்தில் இரு முறையும் நான்கு மடங்கு வேகமான மூன்றாம் காலத்தில் நான்கு முறையும் வாசித்து அதே இடத்தில் வந்து முடிக்கலாம். மெதுவாகப் போகும் பதினொரு வில்களுக்கு நடுவில் மூன்றாம் காலத்தை ஓடவிடாமல் பிடித்து வைப்பது, தனி வகுப்பில் கிடைக்காத கடினமான பயிற்சி.

சுருதி சேர்க்கும் நேரத்தையும் வீணென்று எண்ணாதீர்கள். கொழும்பின் ஈரக் காற்றில், தந்தியை முறுக்கும் பிருடைகள் இறுகிப்போகும். சின்னக் கைகளுக்கு அவை அசையா. மூத்த பிள்ளையொருத்தி அந்த வயலினை மடியில் வாங்கி, பிருடையை உள்ளே அழுத்தித் திருகியபடி, “பஞ்சமம் இன்னும் இறங்கியிருக்குது, கேட்டுப் பார்” என்று சொல்வாள். அப்படிச் சொல்ல முடிந்தவளுக்கே காது திறந்திருக்கிறது. வெவ்வேறு பாடசாலைகளில், பலர் ஆங்கில மொழிமூலத்தில், படிக்கும் நம் கொழும்புப் பிள்ளைகள் ஒருவரோடொருவர் தமிழில் பேசிக்கொள்ளும் சில மணி நேரங்களில் இதுவும் ஒன்று என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இது புதிய ஏற்பாடும் அல்ல. இணுவில், அளவெட்டி போன்ற ஊர்களின் நாதஸ்வர, தவில் மரபில் பிள்ளைகள் மேளத்தோடு உட்கார்ந்து தாளம் போட்டும், சுருதிக்குழலான ஒத்து ஊதியுமே பெரியவர்களின் வாசிப்பைக் காதில் ஏற்றிக்கொண்டார்கள். யப்பானிய வயலின் ஆசிரியர் சினிச்சி சுசூக்கியின் முறையைச் சிலர் வெறும் கூட்டு வகுப்பென்று எண்ணுகிறார்கள்; அதிலும் தனிப் பாடமும் கூட்டுப் பாடமும் சேர்ந்தே நடக்கின்றன.

சென்னை ஆசிரியரிடம் நுணுக்கங்களைத் திருத்திக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் இணையவழியில் ஒலி போய்ச்சேரச் சிறிது நேரம் பிடிப்பதால், இரண்டு பேர் சேர்ந்து தாளம் போடுவதுகூடச் சரிவராது. ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்கலாம், அவ்வளவுதான். சனிக்கிழமைக்கு அது ஈடாகாது. பரீட்சைக்கு முந்திய சில கிழமைகளுக்கு மட்டும் கூடுதலாக ஒரு தனி வகுப்பு ஒதுக்கித் தர முடியுமா என்று உங்கள் ஆசிரியையிடமே கேட்டுப் பாருங்கள்.

வகுப்பில் நீங்கள் தாராளமாக உட்காரலாம். சுசூக்கி முறையில் பெற்றோர் உடனிருந்து குறிப்பெடுத்து, வீட்டுப் பயிற்சியைக் கவனித்துக்கொள்கிறார்கள். ஆசிரியை அனுமதித்தால் பின்வரிசையில் இருந்து நீங்களும் தாளம் போடுங்கள். மகள் பிசகும்போது கண்ணைக் காட்டாதீர்கள். அவள் உங்களைப் பார்க்கத் தொடங்கினால் பக்கத்துப் பிள்ளையின் வில்லைப் பார்க்க மாட்டாள்.