டிராகுலாவின் பலவீனங்கள் யாருக்குத் தெரியும்?

அன்புள்ள ஐயா,

பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ நாவலை இப்போதுதான் முழுதாகப் படித்து முடித்தேன். ஓர் ஏமாற்றம். இருபது ஆள் பலம், புயலையும் மூடுபனியையும் வரவழைக்கும் சக்தி, ஓநாயாகவும் வௌவாலாகவும் உருமாறும் வித்தை எல்லாம் உள்ளவனை, பூண்டு, சிலுவை, அழைக்காத வீட்டுக்குள் நுழைய முடியாது என்று ஒரு பட்டியலைப் போட்டு அடக்கிவிடுகிறார். கதையை முடிக்க ஆசிரியர் செய்துகொண்ட வசதி என்றுதான் தோன்றியது. சினிமாவில் வெயில் பட்டு எரிகிறவன் நாவலில் பட்டப்பகலில் லண்டன் தெருவில் நிற்கிறான். கடைசியில் நெஞ்சில் அடிக்கும் மர ஆப்பு இல்லாமல் கத்தியால் சாகிறான். இதெல்லாம் கவனக்குறைவா?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

முதலில் வெயில். ரத்தக் காட்டேரி சூரிய ஒளியில் அழிவது 1922இல் வந்த ‘நோஸ்ஃபெராட்டு’ என்ற ஜெர்மன் மௌனப் படம் காட்டியது. நாவல் வெளியானது 1897இல். அதில் பகல் டிராகுலாவைக் கொல்வதில்லை, அவன் சக்திகளைப் பறித்துக்கொள்கிறது. நினைத்த நேரத்தில் பனியாகக் கரைந்து இடுக்கு வழியே போக முடியாது. மற்றவர்களைப் போலக் கதவைத் திறந்துதான் போக வேண்டும். லண்டனின் பிக்கடில்லி தெருவில் உள்ள தன் வீட்டில் பகலில் மாட்டிக்கொள்ளும்போது, அவனை வேட்டையாடும் இளம் வழக்கறிஞன் ஜொனாதனின் கத்தி அவன் மேல்கோட்டைக் கிழிக்கிறது. உள்ளேயிருந்து நோட்டும் தங்கக் காசும் கொட்டுகின்றன. அவன் தரையிலிருந்து ஒரு பிடி பணத்தை அள்ளிக்கொண்டு ஜன்னலை உடைத்துக் குதித்து ஓடுகிறான். நூற்றாண்டுகளாக வாழும் பிரபு பணம் பொறுக்கிக்கொண்டு ஓடும் அந்தக் காட்சி எனக்கு மிகவும் பிடித்த ஒன்று.

இனி உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். பலவீனங்கள் ஆசிரியரின் வசதிக்காக என்றால், அவை முதல் பாதியிலேயே வேலை செய்திருக்க வேண்டும் அல்லவா? அங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள். டிராகுலா ரத்தம் குடிக்கும் லூசி என்ற இளம்பெண்ணைக் காப்பாற்ற, மருத்துவப் பேராசிரியர் வான் ஹெல்சிங் ஹாலந்திலிருந்து பூண்டுப் பூக்களை வரவழைக்கிறார். அவள் அறை முழுக்கப் பரப்பி, கழுத்திலும் மாலையாகப் போடுகிறார். ஏன் என்று மட்டும் யாருக்கும் சொல்லவில்லை. இரவில் லூசியின் அம்மா வருகிறார். அந்த நெடி பலவீனமாக இருக்கும் மகளுக்கு ஆகாது என்று பூக்களை எடுத்துவிட்டு, காற்று வர ஜன்னலையும் திறந்து வைக்கிறார். காலையில் அதைப் பெருமையாகவும் சொல்கிறார். வான் ஹெல்சிங் அப்போதும் உண்மையைச் சொல்வதில்லை. அந்த அம்மாவுக்கு இதயக் கோளாறு, அதிர்ச்சி தாங்காது. சில நாள் கழித்து ஓநாய் ஒன்று ஜன்னலை உடைத்துத் தலையை நீட்டும்போது, பயத்தில் மகளின் கழுத்து மாலையைப் பற்றி அறுத்துவிட்டு அந்த அம்மா இறந்து விழுகிறார். லூசியும் பிழைக்கவில்லை.

பூண்டுக்குச் சக்தி இல்லாமல் போகவில்லை. அதை அகற்றியது அன்பு, அகற்ற விட்டது மௌனம். டிராகுலாவின் பலவீனம் அதை அறிந்தவர் வாய் திறக்காதவரை யாருக்கும் பயன்படுவதில்லை. நாவல் முழுக்க ஸ்டோக்கர் இதைத்தான் காட்டிக்கொண்டே போகிறார் என்று நினைக்கிறேன். தொடக்கத்தில் ஜொனாதன் டிராகுலாவின் கோட்டைக்குப் புறப்படும்போது விடுதிக்காரக் கிழவி தன் கழுத்திலிருந்த ஜெபமாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டுவிடுகிறாள். அவனுக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் சவரம் செய்யும்போது முகவாயில் ரத்தம் கசிந்து டிராகுலா அவன் தொண்டைக்குப் பாயும்போது, அந்த மாலைதான் தடுக்கிறது. கிராமத்துக் கிழவி தயங்காமல் கொடுத்ததைப் பேராசிரியர் தயங்கித் தயங்கி மறைக்கிறார். படித்தவர்களின் அவநம்பிக்கைதான் டிராகுலாவுக்கு மிகப் பெரிய பலம் என்று பின்னால் அவரே சொல்கிறார்.

அழைப்பு இல்லாமல் நுழைய முடியாது என்ற விதியையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். வீட்டில் உள்ள யாராவது ஒருவர் ஒருமுறை கூப்பிட்டால் போதும். டிராகுலாவை வேட்டையாடுபவர்கள் தங்கியிருக்கும் மனநோய் விடுதியில் ஜன்னலைத் திறந்து ‘உள்ளே வாருங்கள்’ என்கிறவன் ரென்ஃபீல்ட் என்ற நோயாளி. அவன் பேச்சை யாரும் பொருட்படுத்துவதில்லை. அன்று அவன் தன்னை உடனே வேறெங்காவது அனுப்பிவிடுங்கள் என்று கெஞ்சியும் யாரும் கேட்கவில்லை. அதே இரவில், ஜொனாதனின் மனைவி மினாவின் மனம் தாங்காது என்று சொல்லி ஆண்கள் அவளைத் திட்டத்திலிருந்து விலக்கித் தனியே விட்டுப் போகிறார்கள். எல்லோருடைய நாட்குறிப்புகளையும் தட்டச்சு செய்து கோத்தவளே அவள்தான்! டிராகுலா நேராக அவளிடம் வருகிறான். இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆண்கள்மேல் கோபம் வரும்.

அதற்கு அப்புறம்தான் இனி எதையும் மறைப்பதில்லை என்று முடிவெடுக்கிறார்கள், ஆட்டமும் மாறுகிறது. தன் ரத்தத்தைக் குடிக்க வைத்து மினாவைக் கட்டிப்போட்டான் அல்லவா, அந்தக் கட்டே அவனுக்கு எதிராகத் திரும்புகிறது. என்னை மனோவசியம் செய்யுங்கள் என்று அவளே கேட்கிறாள். அந்த நிலையில், கப்பலில் தப்பி ஓடும் டிராகுலாவின் காதில் விழுவதை, கப்பலடியில் தண்ணீர் மோதும் சத்தத்தைச் சொல்கிறாள். சொந்த மண் நிரம்பிய 50 பெட்டிகளோடு வந்தவனுக்கு இப்போது மிஞ்சியது ஒன்றே ஒன்று. மற்றவற்றில் தேவாலய வழிபாட்டில் தரும் புனிதமான நற்கருணை அப்பத்தை வைத்து அவனால் படுக்க முடியாதபடி செய்துவிட்டார்கள். அந்த ஒரு பெட்டி ஆற்று வழியாகத்தான் போகிறது என்று வரைபடத்தையும் குறிப்புகளையும் வைத்துக் கண்டுபிடிக்கிறவளும் மினாதான். நாவலின் உண்மையான வேட்டைக்காரி அவள் என்றே சொல்வேன்.

கத்தியும் கவனக்குறைவல்ல. நவம்பர் 6, சூரியன் மறையும் நேரம். பெட்டியில் கிடக்கும் டிராகுலா அஸ்தமிக்கும் சூரியனைப் பார்க்கிறான், அவன் கண்ணில் வெற்றி மின்னுகிறது. இன்னும் சில கணங்களில் சக்தி எல்லாம் திரும்பிவிடும். ஆப்பைக் கூராக்கி அடித்துக்கொண்டிருக்க நேரமில்லை. ஜொனாதனின் குக்ரி என்ற வளைந்த கத்தி கழுத்தை அறுக்கிறது, அவன் கூட்டாளி குவின்சியின் கத்தி நெஞ்சில் இறங்குகிறது. இறந்தபின் தானும் ரத்தக் காட்டேரியாக மாறிய லூசிக்கு மட்டும் ஆப்பு, தலை துண்டிப்பு, வாயில் பூண்டு என்று எல்லாச் சடங்கும் நடந்தது. அங்கே அவகாசம் இருந்தது.

நேரம் கிடைத்தால் 10, 11ஆம் அத்தியாயங்களையும், வான் ஹெல்சிங் கடைசியில் வாய் திறந்து எல்லாவற்றையும் சொல்லும் 18ஆம் அத்தியாயத்தையும் அடுத்தடுத்து வைத்து மறுபடி படியுங்கள். படித்துவிட்டு இன்னும் வசதி என்றே தோன்றினால் எழுதுங்கள், பேசுவோம்.

அன்புடன்