உணவு பாக்கெட்டுக்கு முழுக்க மறுசுழற்சி ஆகும் பிளாஸ்டிக் ஏன் இன்னும் வரவில்லை? கம்பெனிகளுக்கு மனசில்லையா?

பாக்கெட்டைக் கழுவிக் காயவைத்துப் பிரித்துப் போட்டும் யாரும் எடுத்துப்போகவில்லை என்ற கோபத்தில் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கோபம் நியாயம்தான். ஆனால் "மனசில்லையா" என்ற வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. மறுசுழற்சி ஆகும் உணவு பாக்கெட் செய்ய பதினாலு மாதம் இந்த ஒரே வேலையில் கிடந்தவன் நான். கம்பெனிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று சிலர் கமெண்டில் வருவார்கள். முழுசாகப் படித்துவிட்டு வரட்டும்.

நீங்கள் கிழிக்கும் பாக்கெட் ஒரே பிளாஸ்டிக் இல்லை. பல பாக்கெட்டுகளில் வெளியே பெட் (தண்ணீர் பாட்டில் செய்கிற பிளாஸ்டிக்), நடுவே அலுமினியத் தாள், உள்ளே பாலிஎத்திலீன், எல்லாவற்றையும் பிடித்து வைக்கும் பசை. பெட் உருக 250 டிகிரி வேண்டும். பாலிஎத்திலீன் 110, 130-லேயே உருகிவிடும். ஒன்றாக உருக்கினால் இரண்டும் கலக்காது. பிரிக்கவும் எளிதான வழியில்லை. அதனால் எல்லா அடுக்கையும் பாலிஎத்திலீனாகவே செய்வதுதான் நாங்கள் எடுத்த தீர்வு. ஆக்சிஜனைத் தடுக்க நடுவில் மெல்லியதாக ஈவிஓஎச் என்ற இன்னொரு பிளாஸ்டிக். அது எடையில் 5 சதவீதத்துக்குள் இருந்தால் மறுசுழற்சி ஆலை ஏற்றுக்கொள்ளும்.

காகிதத்தில் இவ்வளவுதான். மெஷினில் ஏற்றினோம், பத்தாவது பாக்கெட்டிலேயே ஃபிலிம் சீலிங் ஜாவில், அதாவது பாக்கெட்டைச் சூடாக அழுத்தி ஒட்டும் இடுக்கியில், ஒட்டிக்கொண்டது. பழைய பாக்கெட்டில் வெளி அடுக்கு பெட் என்பதால் சீல் போட வைக்கும் சூட்டைத் தாங்கும். இதில் உள்ளே உருக வேண்டியதும் பாலிஎத்திலீன், வெளியே உருகக் கூடாததும் பாலிஎத்திலீன். நடுவே எங்களுக்குக் கிடைத்தது முப்பது டிகிரிகூட இல்லை.

சூட்டைக் குறைத்தால் கசிவு. சீலின் உள்பக்கம் சிவப்புச் சாயம் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்போம். நேர் பகுதியில் அப்படியே நிற்கும். பாக்கெட்டின் பின்பக்கம் நீளவாக்கில் போகும் முதுகுச் சீல் வந்து மேலும் கீழும் உள்ள குறுக்குச் சீலைச் சந்திக்கிற இடத்தில், இரண்டு அடுக்கு நாலாகும் அந்தப் படியில், முடி கனத்துக்குச் சிவப்புக் கோடு ஒன்று மெல்ல வெளியே ஊர்ந்து வரும். உள்ளே இருப்பது கொழுப்புள்ள பொடி. அந்த வழியாகக் காற்று போனால் சிக்கு வாடை அடித்துவிடும், மொத்தமும் குப்பைக்குப் போகும். உணவைக் கெடுக்கிற பாக்கெட் மறுசுழற்சி ஆனால் என்ன, ஆகாவிட்டால் என்ன?

எல்லாக் கம்பெனியும் யோக்கியம் என்று நான் சொல்லவில்லை. சட்டம் வராமல் அசையாதவர்கள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2025-இல் புது ஒழுங்குமுறை கொண்டுவந்து 2030-ஐக் கெடுவாக வைத்த பிறகுதான் பல இடங்களில் இதற்குப் பணமே ஒதுக்கினார்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சேகரித்துத் தரம் பிரிக்க ஆள் இல்லாத ஊரில் எங்கள் பாக்கெட்டும் குப்பைதான். சேகரித்தாலும் அது பெரும்பாலும் திரும்ப உணவு பாக்கெட் ஆகாது, குப்பைப் பையோ குழாயோதான் ஆகும். பெட் பாட்டில் அளவுக்கு இதைச் சுத்தமாக்கும் வழி இன்னும் பரவலாக வரவில்லை.

கசிவு கடைசியில் எப்படி நின்றது தெரியுமா? மெஷின் ஓட்டுகிற அண்ணன் ஒருவர் சொன்னார்: "சார், சூட்டை ஏத்தாதீங்க. ஜாவை இன்னும் கொஞ்ச நேரம் புடிச்சு வைங்க, உடனே குளிர்காத்து அடிங்க." வேகம் கால்வாசி குறைந்தது. சிவப்புக் கோடு வரவில்லை. உள் அடுக்கைக் குறைந்த சூட்டிலேயே ஒட்டும் ரகத்துக்கு மாற்றியது என் வேலை. அதுவும் அவர் சொன்னதற்குப் பிறகு தோன்றியதுதான்.

புது பாக்கெட்டின் அறிமுக விழாவில் மேடையில் விற்பனைப் பிரிவு ஆட்கள் ஏழு பேர் நின்றார்கள். அந்த அண்ணனுக்கு அன்று இரவு ஷிஃப்ட். ரிப்போர்ட்டில் அவர் பெயரைச் சேர்க்கச் சொல்லி இரண்டு முறை எழுதிக் கேட்டேன். "உற்பத்திப் பிரிவுக்கு நன்றி" என்று ஒரு வரி போட்டார்கள்.