திருடனுக்கு ஆஜரானவர்

அன்புள்ள ஐயா,
எங்கள் வார்டு கவுன்சிலர் தேர்தலில் ஒரு வக்கீல் நிற்கிறார். "கொலைகாரனுக்கு ஆஜரானவன், பொய் சொல்லியே பிழைப்பவன்" என்று டீக்கடையில் பேசுகிறார்கள். சட்டம் படித்தவர் மன்றத்துக்குப் போவது நல்லதுதானே என்றேன், எடுபடவில்லை. அவருக்கு ஓட்டுப் போடலாமா?
வாசகர், பேரணாம்பட்டு

அன்புள்ள தம்பி,

உங்கள் வாதம் எடுபடாததில் எனக்கு வருத்தமில்லை. 1954 இடைத்தேர்தலில் குடியாத்தம் ஜெயிக்கவைத்த காமராஜர் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். அவருக்கு முன் முதலமைச்சராக இருந்த ராஜாஜி சேலத்தில் பேர்பெற்ற வக்கீல். பட்டம் பார்த்து ஓட்டுப் போடும் பழக்கம் நம் பக்கத்தில் அன்றே இல்லை. அதை விடுங்கள்.

"கொலைகாரனுக்கு ஆஜரானவன்" என்றதும் வாயடைத்துப் போனீர்களே, அதற்குத்தான் உங்கள் மேல் கோபம்.

என் அப்பா குடியாத்தத்தில் கைத்தறி நெசவாளி. முதலாளி பாவும் ஊடை நூலும் கொடுப்பார். லுங்கி நெய்து கொடுத்துக் கூலி வாங்க வேண்டும். நான் ஏழாவது படிக்கும்போது, அப்பா நூலைத் திருடி விற்றுவிட்டதாக முதலாளி புகார் கொடுத்தார். தெருவில் ஒருவரும் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. வந்தவர் ஒரு வக்கீல்தான். அம்மாவிடம் கூலிச் சீட்டுகளைக் கேட்டார். தகர டப்பாவில் கிடந்தவற்றைத் தரையில் கொட்டி, தேதி வாரியாக அவரே அடுக்கினார். எண்ணெய்க் கறை படிந்த ஒரு சீட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நூல் காணாமல் போனதாகச் சொன்ன நாளுக்கு நான்கு நாள் கழித்து, அதே நூலில் நெய்த லுங்கிகளை வாங்கிக்கொண்டு முதலாளி கையெழுத்துப் போட்டிருந்தார். ஏழு வாய்தாவுக்குப் பிறகு அப்பாவுக்கு விடுதலை கிடைத்தது.

1986 நகராட்சித் தேர்தலில் அந்த வக்கீல் நின்றார். "திருடனுக்கு வக்காலத்து வாங்கியவன்" என்று வீடு வீடாகச் சொன்னார்கள். தோற்றார். அவர்கள் திருடன் என்றது என் அப்பாவை, தம்பி. கோர்ட் விடுவித்து ஒன்றரை வருடம் ஆன பிறகும்.

கைதானவனுக்கு வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 22-வது பிரிவு தருகிறது. தக்க காரணம் இல்லாமல் வழக்கை மறுக்கக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. இன்னாருக்கு ஆஜராக மாட்டோம் என்று வக்கீல் சங்கங்கள் போடும் தீர்மானம் செல்லாது என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் அடித்துச் சொன்னது. நம் கோயம்புத்தூரில் கிளம்பிய வழக்கு அது. ஏற்றே ஆக வேண்டிய வேலையைச் செய்தவரைப் பழித்துக்கொண்டே இருந்தால், நாளை உங்கள் அண்ணனைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றும்போது யார் வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள்? வேலூர் சத்துவாச்சாரி கோர்ட் வாசலில் ஒருநாள் காலையில் நின்று பாருங்கள். மஞ்சள் பையில் பத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வக்கீலின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர்களைப் பாருங்கள். பிறகு பேசுங்கள்.

விபத்து இழப்பீட்டில், தன்னிடம் வழக்கைக் கொடுத்த கட்சிக்காரரின் பணத்தைச் சுருட்டுகிற வக்கீல்கள் இருக்கிறார்கள். வேண்டுமென்றே வாய்தா வாங்கி இழுத்தடிப்பவர்களும் உண்டு. உங்கள் வேட்பாளர் அப்படிப்பட்டவரா என்று அவருடைய பழைய கட்சிக்காரர்களிடம் விசாரியுங்கள். அப்படித்தான் என்றால் ஓட்டுப் போடாதீர்கள்.

ஆனால் அதற்கு முன் அதே டீக்கடைக்குப் போங்கள். அந்தக் கொலை வழக்கில் என்ன தீர்ப்பு வந்தது என்று அங்கே இருப்பவர்களில் யாருக்காவது தெரியுமா, கேளுங்கள்.