பெரியப்பாவின் பக் 110 ஏன் இன்னும் என் இடுப்பில் இருக்கிறது

கேள்வி: மடக்குக் கத்தி சேகரிப்பவர்கள் இங்கே இருக்கிறீர்களா? சேகரிப்பது சரி, அதை அன்றாடம் கொண்டு திரிவது எதற்கு?

இருக்கிறேன். திருகோணமலையில், கடற்கரைக்கு நடந்தே போகக்கூடிய தூரத்தில். என்னிடம் ஒன்பது மடக்குக் கத்திகள் உண்டு. அவற்றில் நான்கு ஒரே வகை. அமெரிக்காவின் பக் கொம்பனி செய்யும் 110, 'ஃபோல்டிங் ஹண்டர்' என்று பெயர். வேட்டைக்காரருக்காகச் செய்த மடக்குக் கத்தி. நான் வேட்டைக்குப் போனதில்லை, போகவும் மாட்டேன். ஆனாலும் ஒன்பதில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் அந்த நான்கில் மூத்ததைத்தான் எடுப்பேன்.

அது பெரியப்பாவுடையது. அவர் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். 1979இல் அமெரிக்காவின் மேற்குக் கரைத் துறைமுகம் ஒன்றில் வாங்கியதாகச் சொல்வார். லீவில் வந்தால் திண்ணையில் இருந்து எங்களுக்கு மாம்பழம் வெட்டித் தருவார். அலகை இழுத்துத் திறக்கும்போது கடைசியில் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். வீட்டில் இருந்த வில்லுக்கத்திக்கு அந்தச் சத்தம் கிடையாது. அதைக் கேட்கவே இன்னொரு மாம்பழம் கேட்போம். நான் கை நீட்டினால் கத்தியை மடக்கி நிலத்தில் வைப்பார். "திறந்த கத்திய ஆருக்கும் நீட்டக் கூடாது தம்பி. மடக்கி வை, அவர் எடுக்கட்டும்." கத்தியைக் கையோடு கை கொடுத்தால் சண்டை வரும் என்று அம்மம்மாவும் சொல்வார்.

பிறகு யுத்த காலம். சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. கால்சட்டைப் பையில் கத்தியோடு ஒருவன் வீதியில் இறங்குவதை அப்போது நினைத்தும் பார்க்க முடியாது. பெரியப்பா கத்தியைத் தோலுறைக்குள் போட்டு, பழைய வேட்டித் துண்டில் சுற்றி, அலுமாரியின் அடித்தட்டில் வைத்தார். 1996இல் அவர் காலமானார். அந்த அடித்தட்டை நான் கிளறியது 2010இல்.

உறையைத் திறந்ததும் முதலில் தெரிந்தது பச்சை நிறம். கைப்பிடியின் இரண்டு முனையிலும் உள்ள பித்தளை முழுக்கக் களிம்பு. உறையின் உள்பக்கமும் பச்சை. தோல் பதனிடச் சேர்க்கும் பொருட்களில் அமிலத்தன்மை உண்டு. அதோடு எங்கள் ஊர் உப்புக் காற்றின் ஈரமும் சேர்ந்தால் பித்தளை தப்பாது. பத்திரமாக இருக்கட்டும் என்று வைத்த உறையே கத்தியைத் தின்றிருக்கிறது. அலகில் மட்டும் கடுகளவு இரண்டு மூன்று குழிகள், அவ்வளவுதான். அந்தக் கால 110க்கு 440சி என்ற உருக்கு. குரோமியம் அதிகம் என்பதால் துருவை நன்றாகத் தாங்கும்.

அன்றைக்கே எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. கத்தியைக் கெடுத்தது வேலை இல்லை, பூட்டி வைத்ததுதான். தினமும் கையில் எடுக்கிற பித்தளையில் விரல் பட்டுப் பட்டுத் தேன் நிறம் வரும். தினமும் திறக்கிற மூட்டில் துரு இருக்க இடம் கிடைக்காது. நான் கொண்டு திரிவதற்கு முதல் காரணம் இதுதான்.

களிம்பைப் புளி போட்டுத்தான் எடுத்தேன், வீட்டில் குத்துவிளக்கு மினுக்குவது போல. ஆனால் குத்துவிளக்கில் மரமும் உருக்கும் இல்லை. அதனால் பித்தளையில் மட்டும் துணியால் தொட்டுத் தேய்த்து, உடனே ஈரத்துணியால் துடைத்து, பிறகு காயவிட வேண்டும். மூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். நாள் போகப் பசை மாதிரி இறுகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு துளி போதும்.

இந்தக் கத்தியின் பூட்டு முதுகில் இருக்கிறது. முதுகோடு ஓர் இரும்புச் சட்டம், அதன் முனையில் ஒரு பல். அலகு முழுதாகத் திறந்ததும் அந்தப் பல் அலகின் அடியில் உள்ள வெட்டுக்குள் விழும். அதுதான் பெரியப்பாவின் 'டக்'. கைப்பிடியின் பின்முனைப் பக்கம் சட்டத்தை அமுக்கினால்தான் விடும். கடற்கரையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது அந்த வெட்டைத்தான். அதற்குள் மணல் போனால் பல் முழுதாக இறங்காது. பார்வைக்குப் பூட்டியது போல் இருக்கும், ஆனால் அழுத்தி வெட்டும்போது விரல் மேலேயே மடங்கலாம். நான் தென்னோலை ஈர்க்கின் நுனியில் துணி சுற்றி வாரத்துக்கு ஒருமுறை துடைப்பேன். சத்தம் மந்தமாகக் கேட்டால் அன்றைக்கே துடைப்பேன்.

இந்தக் கொம்பனியின் தொடக்கம் எங்கள் கொல்லன் பட்டறைக் கதை போலவே இருக்கும். 1902இல் கன்சாஸில் ஹொய்ட் பக் என்ற இளம் கொல்லர், தேய்ந்துபோன அரங்களை அடித்துக் கத்தி செய்யத் தொடங்கினார். இங்கே லொறி வில்லுத்தகட்டில் மன்னாக்கத்தி அடிக்கிறார்களே, அதே யோசனை. அவருடைய மகன் அல் பக் காலத்தில், 1964இல், 110 வந்தது. அதுவரை காட்டுக்குப் போகிறவர் மடங்காத நீளக் கத்தியைத்தான் நம்புவார். மடக்குக் கத்தி என்றால் ஆடும், மடங்கும் என்ற பயம். அந்தப் பயத்தை இந்தப் பூட்டு போக்கியது. அலகு 3¾ அங்குலம், எடை ஏறத்தாழ 200 கிராம். கனம்தான், மறுக்கவில்லை. இடுப்பு வாரில் உறையோடு போட்டுக்கொண்டால் அந்தக் கனமே தைரியமாக இருக்கும்.

சேகரிப்பவருக்கு இதில் பெரிய சந்தோஷம் ஒன்று உண்டு. அலகின் அடியில் உள்ள முத்திரையைப் பார்த்துக் காலத்தைச் சொல்லலாம். பெரியப்பாவின் கத்தியில் 110 என்ற எண்ணுக்கு இரண்டு பக்கமும் புள்ளி இருக்கிறது, அது 1986க்கு முந்திய குறி. 1986இலிருந்து ஒவ்வொரு ஆண்டுக்கும் தனிக் குறி போட்டார்கள். ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் பழைய சாமான் சந்தைகளில் கண்ணில் பட்டால் படம் அனுப்புவான். நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: முத்திரையைக் கிட்ட வைத்து எடு. மற்ற மூன்றும் அப்படி வந்தவைதான். விமானத்தில் ஏற்றும் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தான், கைப்பையில் இல்லை. உருக்கும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 440சிக்குப் பிறகு 425எம், இப்போது 420எச்சி. கடைசியாகச் சொன்னது சீக்கிரம் தீட்டுப்படும். பெரியப்பாவின் கத்திக்கு நல்ல கல்லும் பொறுமையும் வேண்டும்.

அந்தப் பொறுமை இல்லாமல்தான் ஒருமுறை இரண்டாவது கத்தியைச் சாணை பிடிக்கிறவரிடம் கொடுத்தேன். தண்ணீர் விடாமல் சக்கரத்தில் வைத்து அழுத்தினார். நுனி நீல நிறமானது. உருக்கின் பதம் போய்விட்டது என்று அதற்கு அர்த்தம். அந்த இடம் இன்றைக்கும் கூர் நிற்காது. அன்றிலிருந்து என் கத்திகளை என் கையால்தான் தீட்டுகிறேன், முதலில் தண்ணீர்க் கல், அப்புறம் பழைய தோல் பெல்ட்.

என்ன வேலைக்கு என்று கேட்பீர்கள். எனக்குத் தொழில் படகு எஞ்சின் திருத்துவது. எஞ்சின் விசிறியில் நைலோன் வலை சுற்றியிருந்தால் வெட்டி எடுக்க வேண்டும். எரிபொருள் குழாயை நேராக நறுக்க வேண்டும். கயிறு, பழைய ரப்பர், மத்தியானத்தில் ஒரு வெள்ளரிப்பழம். வெட்டியதும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துத்தான் மடக்குவேன். கடல் தண்ணீரோடு மடக்கினால் அடுத்த நாளே மூட்டு முறைக்கும். வீட்டுக்கு வந்ததும் உறையிலிருந்து வெளியே எடுத்து வைத்துவிடுவேன். தோலுறை கொண்டு திரியத்தான், குடியிருக்க இல்லை.

ஒன்பதில் ஒப்பினெலும் ஒன்று இருக்கிறது. பிரான்சின் சவோய் மலைநாட்டுக் கத்தி, 1890இலிருந்து வருவது. மெல்லிய அலகு, மாம்பழத்துக்கு அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் கைப்பிடி பீச் (beech) என்ற ஐரோப்பியக் காட்டு மரம். மார்கழியில் வாடைக்காற்றும் மழையும் தொடங்கினால் மரம் ஊறி அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், நகம்தான் உடையும். கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் அதுவே வெண்ணெய் போலத் திறக்கும். 110க்கு இந்தத் தொல்லை இல்லை.

ஒரு எச்சரிக்கை. வேலைக்குக் கொண்டு போவது வேறு, ஊர் சுற்றக் கொண்டு போவது வேறு. 2019 ஈஸ்டர் ஞாயிறு தாக்குதல்களுக்குப் பிறகு வாள், கத்திகளை ஒப்படைக்கும்படி பொலிஸ் அறிவித்தபோது, அன்றாட வேலைக்கான கத்திகளுக்கு விலக்குச் சொன்னார்கள். அந்த நியாயம் வேலை இருக்கும் இடத்தில்தான் நிற்கும். பிரட்றிக் கோட்டைக்குள் ஏறிக் கோணேசர் கோயிலுக்குப் போகும் நாளில், கூட்டத்துக்கோ கந்தோருக்கோ போகும் நாளில் என் கத்தி வீட்டில் இருக்கும். ஆயுத பூசைக்கு மட்டும் ஒன்பதும் ஸ்பானர்களோடு சேர்ந்து சுவாமி அறைக்குப் போகும், சந்தனப் பொட்டோடு. அடுத்த நாள் பொட்டை நன்றாகத் துடைக்க வேண்டும், அதுவும் ஈரம்தானே.

கைப்பிடி மரத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. 110இன் பழைய கைப்பிடி மகாசார் கருங்காலி, இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவு மரம். கறுப்புக்குள் மண்ணிறக் கோடுகள் ஓடும். ஊரில் ஒரு வயதான தச்சரிடம் காட்டினேன். கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "கருங்காலிதான். ஆனா எங்கட கருங்காலி இல்ல" என்றார். எங்கள் வரண்ட காட்டுக் கருங்காலிக்குக் கோடே இருக்காது, முழுக் கறுப்பு, தண்ணீரில் போட்டால் தாழும். காட்டில் இன்று அதை வெட்ட முடியாது, வெட்டவும் கூடாது. அவரிடம் உடைந்த பழைய கதிரைக் கால் ஒன்று கிடந்தது. அதிலிருந்து இரண்டு சிறு பலகை அறுத்துத் தந்தார், காசு வாங்கவில்லை.

மச்சான் கொண்டுவந்ததில் ஒன்று கைப்பிடி வெடித்து வந்தது. அந்தப் பலகை இரண்டும் அதற்குத்தான். பெரியப்பாவின் கத்தியில் கை வைக்க மாட்டேன். தை பிறந்து மழை ஈரம் போனதும் துளை போடுவதாக இருக்கிறேன்.