விசா நேர்காணலுக்கு முன் மகளிடம் சொல்ல வேண்டிய கணக்கு

கரூரிலிருந்து எழுதியிருக்கும் ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் போக்குவரத்துப் பொறியியல் முதுநிலைப் படிப்புக்கு உங்கள் மகளுக்கு இடம் கிடைத்து, சேர்க்கையை உறுதிசெய்து பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவமும் கைக்கு வந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மிக்க மகிழ்ச்சி. நேர்காணலுக்கு எந்தெந்தக் காகிதங்களைக் கொண்டுபோக வேண்டும், கன்சல்டன்சிக்காரர் கொடுத்த கேள்வி-பதில் தொகுப்பை மகள் மனப்பாடம் செய்யலாமா, அமெரிக்காவில் வேலை பார்க்கும் மகனைப் பற்றி வாய் திறக்காமல் இருந்துவிடலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்காத நான்காவது கேள்விதான் எனக்கு முதன்மையாகப் படுகிறது: உங்கள் வருமானமும் கடனும் எவ்வளவு என்பது உங்கள் மகளுக்குத் தெரியுமா?

சென்னை அண்ணா சாலையில், ஜெமினி மேம்பாலத்தை ஒட்டியிருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குள் மாணவர் விசா நேர்காணலுக்கு உங்களை விடமாட்டார்கள். மகள் தனியாகத்தான் போக வேண்டும். கைப்பேசிக்கும் உள்ளே அனுமதி கிடையாது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அதிகாரி இருப்பார், இப்பால் நின்றுகொண்டே பதில் சொல்ல வேண்டும். பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். நீங்கள் அடுக்கிவைத்திருக்கும் தடித்த ஃபைலில் ஒரு தாளைக்கூட அவர் கேட்காமல் போகலாம். ஆகவே, ஃபைலில் இருப்பது முழுவதும் மகளின் நாவிலும் இருக்க வேண்டும்.

எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் பணத்தைப் பற்றிய கேள்வி ஏறக்குறைய எல்லோருக்கும் வருகிறது. படிப்புக்கு யார் செலவு செய்கிறார்கள், அப்பா என்ன தொழில் செய்கிறார், ஆண்டு வருமானம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்று கேட்பார்கள். நம் வீடுகளில் பிள்ளைகளுக்குக் கவலை வேண்டாம் என்று கடன் விவரத்தைச் சொல்லாமல் வளர்ப்பது வழக்கம். அந்தப் பாசம் கண்ணாடித் தடுப்பின் முன் காலை வாரிவிடும். "அப்பா பார்த்துக்கொள்வார்" என்று சொல்லும் மாணவியை அதிகாரி எப்படி நம்புவார்?

இந்த வாரமே ஒரு மாலை மகளை உட்காரவைத்து, ஐ-20 படிவத்தின் முதல் பக்கத்தைத் திறந்து, அதில் ஓராண்டுச் செலவாகக் காட்டியிருக்கும் தொகையை ரூபாயாக மாற்றி எழுதச் சொல்லுங்கள். அதன் கீழே வங்கி ஒப்புதல் அளித்த 40 லட்சம் கல்விக் கடன், உங்கள் வைப்புத்தொகை, சேமிப்புக் கணக்கில் இருப்பது என்று வரிசையாக எழுதட்டும். முதல் ஆண்டுச் செலவு கையில் உடனே எடுக்கக்கூடிய பணத்தில் அடங்க வேண்டும்; இரண்டாம் ஆண்டுக்கு என்ன வழி என்பதற்கும் ஒரு வரி பதில் வேண்டும். குளித்தலையில் உள்ள வாழைத் தோட்டத்தின் மதிப்பை ஆடிட்டர் சான்றில் காட்டலாம். ஆனால் நிலம் குடும்பத்தின் பின்பலமே தவிர, ஆகஸ்டில் கட்ட வேண்டிய கட்டணத்துக்கான ரொக்கம் ஆகாது.

இன்னொரு சிக்கலும் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. வேளாண் வருமானத்துக்கு வருமான வரி கிடையாது என்பதால், நீங்கள் வரி கட்டும் தொகை ஹார்டுவேர் கடை வருமானத்தை மட்டுமே காட்டும். ஆண்டு வருமானம் என்று மகள் இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, வரிக் கணக்குத் தாளில் அதில் பாதிதான் இருந்தால் சந்தேகம் எழும். கடையிலிருந்து இவ்வளவு, தோட்டத்திலிருந்து இவ்வளவு என்று பிரித்தே சொல்லப் பழக்குங்கள். பட்டா, சிட்டா, வட்டாட்சியரின் வருமானச் சான்று ஆகியவை ஃபைலில் இருக்கட்டும். கன்சல்டன்சிக்காரர் சில நாள்களுக்கு மட்டும் உங்கள் கணக்கில் பெருந்தொகையைப் போட்டுக் காட்டுவதாகச் சொன்னால், அவருடன் பேச்சை அன்றோடு முடித்துக்கொள்ளுங்கள். பொய்யான ஆவணமோ தகவலோ பிடிபட்டால், நிரந்தரத் தகுதியின்மையில் கொண்டுபோய் நிறுத்தும்.

மகனைப் பற்றிய கேள்விக்கும் இதே பதில்தான். டிஎஸ்-160 என்னும் விசா விண்ணப்பப் படிவம், அமெரிக்காவில் உடன்பிறந்தார் இருக்கிறார்களா என்று நேரடியாகவே கேட்கிறது. மறைப்பது பொய் சொல்வதாகும். அண்ணன் இருப்பது விசாவைக் கெடுக்காது. மறைத்தது தெரிந்தால்தான் கெடும். அதே படிவத்தில் கடந்த 5 ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளின் பெயர்களையும் எழுத வேண்டும். 2025 ஜூன் முதல் மாணவர் விசா விண்ணப்பதாரர்கள் அந்தக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்றும் கேட்கிறார்கள்.

மனப்பாடம் வேண்டாம். "உலகத்தரம் வாய்ந்த ஆசிரியர்கள், சிறந்த ஆய்வு வசதி" என்ற வாக்கியத்தை அந்த அதிகாரி அன்று காலையிலிருந்தே கேட்டுக்கொண்டிருப்பார். உங்கள் மகளிடம் சொல்வதற்கு அதைவிட நல்ல செய்தி இருக்கிறது. கோவை அவினாசி சாலைச் சந்திப்புகளில் வாகன நெரிசலை அளந்து இறுதியாண்டு புராஜெக்ட் செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவர் போகும் பல்கலைக்கழக அமைப்பிலேயே டெக்சாஸ் ஏ அண்ட் எம் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் இயங்குகிறது. "நான் சந்திப்புகளில் எண்ணி எடுத்த தரவை வைத்து சிக்னல் நேரத்தை மாற்றிப் பார்த்தேன், அதை முறையாகக் கற்க இந்த நிறுவனம் உள்ள இடத்துக்குப் போகிறேன்" என்பதைத் தம் சொந்த ஆங்கிலத்தில், இரண்டு வாக்கியங்களில் சொன்னால் போதும். இலக்கணம் சற்றுத் தடுமாறினாலும் பாதகமில்லை. அரியர் இருந்ததா என்று கேட்டால், இருந்தது, எந்தத் தாளில், எப்போது எழுதி முடித்தேன் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். நீண்ட விளக்கம் தேவையில்லை.

படிப்பு முடிந்த பின் என்ன செய்வாய் என்ற கேள்வியின் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவு, விண்ணப்பிப்பவர் அங்கேயே தங்க எண்ணுகிறார் என்ற அனுமானத்தில்தான் தொடங்குகிறது. அப்படி இல்லை என்று காட்டுவது மாணவியின் பொறுப்பு. சென்னை மெட்ரோவின் 118.9 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் கட்டப் பணி நடந்துவரும் மாநிலத்தைச் சேர்ந்தவருக்கு, இங்கே தம் துறையில் என்ன வேலை இருக்கிறது என்று சொல்வது கடினமாக இராது. அவர் உண்மையாகவே எண்ணுவதைச் சொல்லட்டும். திரும்பி வரும் எண்ணத்தையும் உங்கள் வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள்.

காகிதங்களைப் பொறுத்தவரை, பாஸ்போர்ட், டிஎஸ்-160 உறுதிப்படுத்தும் தாள், நேர்காணல் நேரக் கடிதம், மகள் கையொப்பமிட்ட ஐ-20, வெளிநாட்டு மாணவர் பதிவு முறையான செவிஸுக்குக் கட்டிய 350 டாலர் கட்டண ரசீது ஆகியவை மேலே இருக்கட்டும். 185 டாலர் விசா கட்டணம் தனி. மதிப்பெண் பட்டியல்களும் பண ஆவணங்களும் அவற்றின் கீழே. கைரேகையும் புகைப்படமும் விண்ணப்ப மையத்தில் முன்னதாகவே எடுத்துவிடுவார்கள் என்பதால் கரூரிலிருந்து அதற்கும் சேர்த்துப் பயணத்தைத் திட்டமிடுங்கள்.

உங்கள் உறவினர் பையனுக்கு விசா மறுக்கப்பட்டதையும் எழுதியிருக்கிறீர்கள். மறுத்தது 214(பி) பிரிவில் என்றால், அது நிரந்தரத் தடை ஆகாது. மேல்முறையீடு கிடையாது, புதிய கட்டணம் செலுத்தி மீண்டும் விண்ணப்பிக்கலாம், முன்பு மறுக்கப்பட்டதைப் புதிய விண்ணப்பப் படிவத்தில் தெரிவிக்க வேண்டும். 221(ஜி) என்று தாள் கொடுத்தால் கூடுதல் ஆவணமோ சரிபார்ப்போ நிலுவையில் இருக்கிறது என்று பொருள். அதில் கேட்டிருப்பதை மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருங்கள். படிப்பு தொடங்கும் நாளுக்கு முந்தைய 30 நாள்களுக்குள்தான் அமெரிக்காவுக்குள் நுழைய முடியும் என்பதால், விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வரும் முன் விமான டிக்கெட் எடுக்க அவசரப்பட வேண்டாம்.