பைக் பக்கம்: லே வரை போன் வழிகாட்டுமா?

ஜூலையில் மணாலியிலிருந்து லே வரை புல்லட்டில் போகிறோம். வழியில் டவரே கிடைக்காதாம். போன் ஜி.பி.எஸ். போதுமா, தனிக் கருவி வாங்க வேண்டுமா?
– வாசகர், ஈரோடு

போதும். ஜி.பி.எஸ். சிக்னல் செயற்கைக்கோளிலிருந்து நேராக வருவது. சிம்மையே கழற்றிவிட்டாலும் போன் தன் இடத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும், சில நிமிடம் கூடுதலாக எடுக்கும், அவ்வளவுதான். காலையில் கிளம்புமுன் திறந்தவெளியில் வைத்திருங்கள்.

டவர் போனதும் கைவிடுவது மேப். கூகுளில் அந்தப் பகுதியை முன்பே இறக்கி வைக்கலாம். ஆனால் நெட் இல்லாதபோது மாற்று வழியோ, டிராஃபிக்கோ காட்டாது. கூடவே நெட் இல்லாமலே வழி போடும் ஆப்களான ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஆஸ்மண்ட் ஒன்றையும் போட்டுக்கொள்ளுங்கள். ஹிமாச்சல், லடாக் இரண்டு மேப்பும் வேண்டும். ஒன்று விட்டுப்போனால் எல்லையிலுள்ள சர்ச்சுவுக்கு அப்பால் வழி போடாது. வீட்டிலேயே ஏரோப்ளேன் மோடில் மணாலி–லே வழி கேட்டுப் பாருங்கள். வந்தால் சரி. 9 கி.மீ. நீள அடல் சுரங்கத்துக்குள் நீலப் புள்ளி நின்றுபோகும். வெளியே வந்ததும் தானாகச் சரியாகிவிடும்.

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் எடுக்காது, போஸ்ட்பெய்டு வேண்டும்.

கார்மின் ஸூமோ மாதிரித் தனி ஜி.பி.எஸ். கருவிகள் வெயிலிலும் தெளிவாகத் தெரியும், கையுறையோடு தொடலாம், மழையைத் தாங்கும். ஆண்டுக்கு ஒரு பயணம் போகிறவருக்கு அந்தச் செலவு வீண். பழைய போனை ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டு, நல்ல போனைச் சட்டைப்பையில் வையுங்கள்.

பைக்கில் மாட்டினால் போன் கேமரா கெட்டுவிடுமா?
– வாசகர், நாகர்கோவில்

கெடலாம். படம் ஆடாமலிருக்க லென்ஸைக் காந்தங்களால் மிதக்க விட்டிருப்பார்கள். எஞ்சின் அதிர்வு அந்த அமைப்பைத்தான் பாழாக்குகிறது. ஆப்பிள் நிறுவனமே 2021-ல் இதை எச்சரித்தது. பெரிய சிங்கிள் சிலிண்டர் வண்டி என்றால் அதிர்வு தாங்கும் டாம்பர் வைத்த மவுன்ட்டாகப் பார்த்து வாங்குங்கள். அதற்குமுன் ஹேண்டில்பார் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள்: 22 மி.மீ. பாருக்கான கிளாம்ப் 28 மி.மீ. பாரில் ஏறாது.

யு.எஸ்.பி. சார்ஜரை நேராக பேட்டரியில் கொடுத்தேன். சில நாள் நிறுத்தி வைத்த வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை.
– வாசகர், சேலம்

போன் செருகாவிட்டாலும் சார்ஜர் கொஞ்சம் கரன்ட் குடித்துக்கொண்டே இருக்கும். நான்கு பின் ரிலே (சாவி போட்டால் மட்டும் சார்ஜருக்குக் கரன்ட் விடும் தானியங்கி சுவிட்ச்) ஒன்று போடுங்கள். ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு எண் உண்டு. பேட்டரி பாசிட்டிவ் 5 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 30-க்கு, 87-லிருந்து சார்ஜருக்கு, சாவி போட்டால் மட்டும் கரன்ட் வரும் ஒயர் (பார்க்கிங் லைட் ஒயர் போதும்) 86-க்கு, 85 எர்த்துக்கு. 18 வாட் சார்ஜர் 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர்தான் இழுக்கும், அதனால் 5 தாராளம். ஃபியூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்கட்டும். தள்ளி வைத்தால், இடையில் ஒயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது காப்பாற்றாது.

ஒயரை டை போட்டு இறுக்குமுன் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். அங்கே ஒயர் விறைத்தால் மலை வளைவுகளில் அறுந்துவிடும்.

அமெரிக்காவிலிருந்து அண்ணன் சாட்டிலைட் மெசேஜ் கருவி அனுப்புகிறார். லடாக் கொண்டுபோகலாமா?
– வாசகர், மதுரை

வேண்டாம். அரசு அனுமதியில்லாமல் சாட்டிலைட் போன், மெசஞ்சர் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். விமான நிலையத்திலேயே வெளிநாட்டுப் பயணிகளைப் பிடித்திருக்கிறார்கள். ஜி.பி.எஸ். சிக்னலை வாங்க மட்டும் செய்கிறது, அதற்குத் தடையில்லை. இந்தக் கருவி அனுப்பவும் செய்யும், அதுதான் சிக்கல்.